‘மூ’ போட்டுப் போன மனைவி

“என் பொண்டாட்டியைக் கடத்திட்டாங்க, மேடம். ஆதாரம் இருக்கு. அவ ஒரு வினைச்சொல்லைத் தப்பா முடிச்சிருக்கா.”

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த டோரதி துப்பறியும் நிலையத்துக்கு விசித்திரமான ஆட்கள் வருவது புதிதில்லை. போன வாரம்தான் ஒருவர், பக்கத்து வீட்டுக் கிளி தன் குரலில் கடைக்கு ஆர்டர் கொடுக்கிறது என்று புகார் கொண்டுவந்திருந்தார். அது உண்மை என்றும் தெரியவந்தது. ஆகவே சிவநேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

டோரதி சிரிக்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் பொய்களை மோப்பம் பிடித்துப் பழகிய மூக்கு. வாயில் எப்போதும் ஒரு ஜாதிக்காய்த் துண்டு ஊறிக்கொண்டிருக்கும்.

“பாலாய்க்குப் போனீங்களா? போலீஸ்ல சொன்னீங்களா?”

“போனேன். அங்க இருந்தவரு பொறுமையா எல்லாம் கேட்டுட்டு, ‘சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?’ன்னாரு.”

வந்தவர் பெயர் ராமதாஸ். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். இருபது வருஷமாகப் பினாங்கு மக்களின் கியரையும் கிளட்சையும் திருத்தி வந்தவர், மிச்ச நேரத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு மொழியையே உருவாக்கியிருந்தார். பெயர் மெலூவா.

“ஐஸ் போட்டுக் குடிக்கலாம் போல இருக்கு,” என்றான் சிவநேசன்.

ராமதாஸ் அதைக் காதில் வாங்கவில்லை. “மெலூவாவுல காலமே கிடையாது, மேடம். நேத்து, இன்னைக்கு, நாளைக்கு எதுவும் வினையில ஒட்டாது. வேலை எந்த நிலையில இருக்கு, அதை மட்டும் ஒரு வால் சொல்லும். ‘தூன்’னா போறது. தூன்கா, போய் முடிஞ்சுது. தூன்சே, போறது நடந்துகிட்டிருக்கு. தூன்ரி, இப்பதான் காலை எடுத்து வைக்குது.”

“குளிச்சுகிட்டே போன்ல ‘ஆன் தி வே லா’ன்னு சொல்றோமே, அதுக்கு?”

“தூன்பெ,” என்றார் ராமதாஸ் சட்டென்று. “பினாங்குல இருந்துகிட்டு அந்த வால் இல்லாம மொழி செய்ய முடியுமா, தம்பி?”

சிவநேசனுக்கு முதல்முறையாக அந்த ஆள்மேல் மரியாதை வந்தது.

“வந்துட்டான், வந்துகிட்டிருக்கான், வந்து தொலைச்சான் மாதிரி,” என்றார் டோரதி.

“அதேதான்! தொலைச்சானுக்கும் வால் வச்சிருக்கேன்.”

“போயிட்டு வர்றேன்?”

ராமதாஸ் முகம் சுளித்தார். “அது இல்ல. போறது ஒரு வினை, வர்றது ஒரு வினை. ரெண்டையும் சேத்துக் கட்டினா சுத்தமா இருக்காது. முதல்ல வச்சிருந்தேன், அப்புறம் எடுத்துட்டேன்.”

டோரதி ஜாதிக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். அவர் அப்படி மாற்றினால் எங்கோ ஒன்று அவருக்கு இடித்திருக்கிறது என்று அர்த்தம்.

“மெசேஜைப் போடுங்க.”

ராமதாஸ் கைப்பேசியைத் தட்டினார். ஒரு பெண் குரல், நிதானமாக: “ஸே வேலா தூன்மூ.”

“நான் உன்னைவிட்டுப் போறதுன்னு அர்த்தம். ஆனா ‘மூ’ன்னு ஒரு வால் மெலூவாவுல கிடையவே கிடையாது. ஷர்மினி இருபது வருஷமா இந்த மொழி பேசறவ. கழுத்துல கத்தி வச்சிருந்தாலொழிய இப்படி ஒரு தப்பு விடமாட்டா.”

“உங்க ரெண்டு பேரைத் தவிர இந்த மொழி யாருக்குத் தெரியும்?”

“உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான். கல்யாணமான புதுசுல கத்துக்கிட்டா. அதுல இருந்து வீட்ல நாங்க தமிழ் பேசறதில்ல.” அவர் அதைப் பெருமையாகச் சொன்னார்.

டோரதி அந்த மெசேஜை மறுபடி போடச் சொன்னார். மறுபடியும்.

“தப்புப் பண்றவங்க தடுமாறுவாங்க, ராமதாஸ். கத்தி வச்சிருந்தா குரல் நடுங்கும். இந்தம்மா ‘மூ’ன்னு சொல்றப்ப நாக்கு வழுக்கிகிட்டுப் போகுது. பழகின நாக்கு. அப்ப யார்கூடயோ பேசிப் பழகியிருக்காங்க. உலகத்துல மூணாவதா ஒரு ஆள் இருக்கு.”

ராமதாஸ் நாற்காலியில் சாய்ந்தார். மனைவியைக் கடத்திவிட்டார்கள் என்று சொன்னபோதுகூட அவர் முகம் அவ்வளவு வெளிறவில்லை.

“பழைய மெசேஜையெல்லாம் போடுங்க. அர்த்தம் வேணாம், வால் மட்டும் கேப்போம்.”

வரிசையாகப் போட்டார். நடுநடுவே மூ. கொஞ்சம் தள்ளி இன்னொரு மூ. ஒவ்வொரு மூவுக்கும் கீழே ராமதாஸ் ‘தவறு’ என்று பதில் போட்டிருந்தார். சிலவற்றில் ஆச்சரியக்குறியோடு. மேலே தள்ளத் தள்ள மூக்கள் குறைந்து, ஓர் இடத்தில் அடியோடு நின்றன.

“இதுக்கு முன்னால மூவே இல்ல. அப்ப என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் இல்லையே. புக்கிட் தெங்கா கிலாங்குல வேலைக்குச் சேந்தா. பேக்டரி லைன்ல.”

“அங்க போய்க் கேட்டீங்களா?”

“கடத்தப்பட்டவ எப்படி மேடம் ஷிப்டுக்கு வருவா?”

டோரதி கைப்பைக்குள் கையை விட்டுக் கார் சாவியைத் தேடி எடுத்தார். “சிவா, காரை எடு.” பிறகு, எழுந்தவாறே, “கடைசி மெசேஜுக்கு நீங்க பதில் ஒண்ணும் போடலையா?” என்றார்.

“இல்ல, அது... அதெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்று ராமதாஸ் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிவநேசனுக்கே அது பொய் என்று தெரிந்தது.

தீவிலிருந்து கடலைத் தாண்டும் பாலத்தில் போகும்போது ராமதாஸ் முன்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். சிக்னலை முன்கூட்டிப் போடச் சொன்னார். சிவநேசன் இருபது வருஷமாக லைசென்ஸ் வைத்திருப்பவன். நடுக்கடலுக்கு மேல் வருவதற்குள் அவனுக்கே தான் கார் ஓட்டத் தெரியாதவனோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

“வீட்லயும் இப்படித்தான் மிதிப்பீங்களா, அண்ணே?” என்று கேட்டான்.

“எதை?”

“ஒண்ணும் இல்ல லா.”

கிலாங் என்று எல்லாரும் சொல்லும் அந்தத் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை. மத்தியான ஷிப்டுக்குப் போகிறவர்களும் காலை ஷிப்டு முடிந்து வந்தவர்களுமாக நீலச் சட்டை போட்ட பெண்கள் நிரம்பி வழிந்தார்கள். மலாய்க்காரர்கள், தமிழ்ப் பெண்கள், நேப்பாளத்துப் பெண்கள். மீ கோரேங் வாசனையும் பேச்சுச் சத்தமும் கூரையை முட்டின. கூரைக்குக் கீழே வரிசையாக மின்விசிறிகள், நம்பிக்கை தராத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

“இதுல மூணாவது ஆளை எப்படிக் கண்டுபிடிக்கறது, அக்கா? ஒவ்வொருத்தரா மெலூவா தெரியுமான்னு கேட்டா நம்மளைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க.”

“கேட்டா வாய் பொய் சொல்லும். கழுத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.” டோரதி ராமதாஸ் பக்கம் திரும்பினார். “மின்விசிறி விழுதுன்னு மெலூவாவுல என்ன?”

“பிலாவோ கெத்சே. ‘சே’ முக்கியம். நடந்துகிட்டிருக்கற வேலை.”

“சிவா, பெஞ்சு மேல ஏறிக் கத்து.”

“நானா? அக்கா, எனக்கு இந்த ஊர்ல மாமனார் இருக்காரு!”

“அப்ப நல்லாக் கத்து. அவருக்கும் கேக்கட்டும்.”

சிவநேசன் ஏறினான். நூற்றுக்கணக்கான கண்கள் அவனைப் பார்த்தன.  வால் மறந்துபோனது. கிடைத்த வாலை மாட்டிக் கத்தினான்:

“பிலாவோ கெத்கா!”

 ஏறக்குறைய கடையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார்கள். சிலர் மேசைக்கு அடியில் தேடினார்கள். ஒரு நேப்பாளத்துப் பெண் காலைத் தூக்கிக்கொண்டாள்.

“‘கா’ இல்ல, தம்பி! ‘சே’!” என்று ராமதாஸ் பழக்கதோஷத்தில் கூவினார். “விழுந்து முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டீங்க!”

“பிலாவோ கெத்சே!”

அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் மேலே நிமிர்ந்தன. அடுத்த நொடி பெஞ்சுகள் சாய்ந்தன, தட்டுகள் பறந்தன, நீலச் சட்டைகள் நாலா பக்கமும் சிதறின. எந்த மின்விசிறியும் விழவில்லை. நடுக்கடையில் மூன்று பேர் மட்டும் நின்றார்கள். பெஞ்சு மேல் சிவநேசன், ஜாதிக்காயோடு டோரதி, வாயைப் பிளந்தபடி ராமதாஸ்.

“மூணாவது ஆள் இல்ல, அக்கா,” என்றான் சிவநேசன் மெல்ல. “முந்நூறாவது.”

ராமதாஸ் அழுதுகொண்டிருந்தார். “‘கா’வுக்குக் கீழ பாத்தாங்க. ‘சே’வுக்கு மேல பாத்தாங்க. பாத்தீங்களா மேடம்? சரியாப் பாத்தாங்க.”

கவிழ்ந்த தட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண்மணி வந்தாள். ஆள் வாட்டசாட்டம். கையில் கரண்டி. சட்டையில் ரொஸ்னா என்ற பெயர், அதற்குக் கீழே லைன் லீடர் என்ற பட்டை.

“யாரு இப்பக் கத்தினது?” என்று மலாயில் கேட்டாள்.

சிவநேசன் பெஞ்சிலிருந்து இறங்கி டோரதிக்குப் பின்னால் போய் நின்றான். டோரதி மலாயிலேயே விஷயத்தைச் சொன்னார். ரொஸ்னா ராமதாஸைத் தலை முதல் கால் வரை அளந்தாள்.

“ஓ. அந்தப் பாஷை செஞ்ச புருஷன் நீதானா? ஷர்மினி அக்காதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க. மலாயில பேசினா சூப்பர்வைசருக்குப் புரிஞ்சிடுது. நேப்பாளத்துப் பிள்ளைங்களுக்கு மலாய் முழுசா வராது. இது யாருக்கும் சொந்தமில்லாத பாஷை, அதனால எல்லாருக்கும் ஒரே மாதிரி.”

“எனக்குச் சொந்தம்!” என்றார் ராமதாஸ்.

“அப்படியா?” என்றாள் ரொஸ்னா. “பாவம்.”

“மூன்னா என்ன?” என்று குறுக்கே புகுந்தார் டோரதி.

கூடியிருந்த பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். ரொஸ்னா தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். “மூக்கா. முகம். சூப்பர்வைசர் வந்து நின்னா கை வேலை செய்யும் இல்ல? அவரு அந்தப் பக்கம் போனா நின்னுடும். அந்த வேலைக்கு வால் இல்லைன்னு நாங்களே ஒண்ணு வச்சுகிட்டோம். யாரோ பாக்கறதால மட்டும் நடக்கற வேலை, மூ.”

“மலாய்ச் சொல்லா?” ராமதாஸின் குரல் உடைந்தது. “மெலூவாவுலயா? அப்படி ஒரு வால் கிடையாது!”

“கிடையாதா? நாங்க டெய்லி பேசறோமே.”

திடீரென்று ராமதாஸின் முகம் மலர்ந்தது. சிவநேசனின் தோளைப் பிடித்து உலுக்கினார். “தம்பி, புரியுதா? ‘உன்னைவிட்டுப் போறேன் மூ’! முகத்துக்குப் போறா! சும்மா போறா! நிஜமாப் போகலை! கடத்தவும் இல்ல, விட்டுட்டுப் போகவும் இல்ல!” அவர் இரண்டு சுற்று சுற்றினார். பெண்கள் சிலர் கைதட்டினார்கள்.

சிவநேசனும் சிரித்தான். டோரதி மட்டும் அசையவில்லை. ஜாதிக்காய் இடம் மாறியது.

“பழைய மெசேஜையெல்லாம் ரொஸ்னாவுக்குப் போட்டுக் காட்டுங்க.”

“எதுக்கு மேடம்? கேஸ்தான் முடிஞ்சுதே.”

“போடுங்க.”

போட்டார். ஷர்மினியின் குரல் நிதானமாக, ஒவ்வொன்றாக. ரொஸ்னா முதலில் சத்தமாக மொழிபெயர்த்தாள்.

“சாப்பிட்டேன் மூ.”

அடுத்தது. “தலைவலி எல்லாம் ஒண்ணும் இல்ல மூ.”

அடுத்தது. “பிறந்தநாளுக்கு நீ குடுத்த இலக்கணப் புத்தகம் கிடைச்சுது. சந்தோஷமா இருக்கேன் மூ.”

ரொஸ்னாவின் குரல் தணிந்தது. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார்.

“இல்ல, கோவம் எல்லாம் இல்ல மூ. நான் நல்லாத்தான் இருக்கேன் மூ.”

ஒவ்வொன்றுக்கும் கீழே ராமதாஸின் பதில் வெள்ளைத் திரையில் வரிசையாக நின்றது. தவறு. தவறு. தவறு! சிவநேசனுக்கு அந்த ஆச்சரியக்குறியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. 

“அந்தம்மா உங்ககிட்ட வருஷக்கணக்கா உண்மையைச் சொல்லிகிட்டிருந்தாங்க,” என்றார் டோரதி. “வால்ல சொன்னாங்க. நீங்க வாலைத்தான் திருத்தினீங்க.”

ராமதாஸ் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போடப் போனார்.

“இப்ப சொல்லுங்க. ‘போறேன் மூ’ன்னா, பாக்கறியான்னு ஒரு கேள்வி. அதுக்கு என்ன பதில் போட்டீங்க?”

அவர் கைப்பேசியை நீட்டினார்.  கடைசி மெசேஜுக்குக் கீழே அவர் எழுதியிருந்தது: ‘மூ தவறு. சேயா, காவா?’

அதற்கும் கீழே ஷர்மினியின் ஒரு குரல் மெசேஜ் இருந்தது. சிவநேசன் அதைத் தொட்டான். ஒரே ஓர் எழுத்துதான் கேட்டது.

“கா.”

யாரும் மொழிபெயர்க்கவில்லை. அந்தக் கடையில் அது புரியாத ஆள் யாரும் இல்லை.

“கடத்தினவங்க சொல்ல வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்,” என்றார் ராமதாஸ். “அப்படி நெனைக்கறதுதான் சுலபமா இருந்துச்சு.”

அந்த நேரம் பார்த்து கிலாங் வாசலில் காலை ஷிப்டின் கடைசிக் கும்பல் வெளியே வந்தது. அதில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு பெண், தோளில் ஒரு துணிப்பையோடு. ரொஸ்னா டோரதியின் காதில், “என் வீட்லதான் இருக்காங்க. நிபோங் திபால்ல,” என்றாள்.

ஷர்மினி கணவரைப் பார்த்தாள். கவிழ்ந்த பெஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு தன் பாட்டுக்கு, வாசலில் நின்ற கிலாங் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

ராமதாஸ் ஓடினார். எதிரே போய் நின்று மெலூவாவில் எதையோ ஆரம்பித்தார். பாதியில் நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டு, தமிழில் கேட்டார்.

“சாப்ட்டியா?”

ஷர்மினி நின்றாள். அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி தமிழில் விழுந்து வருஷங்கள் ஆகியிருக்க வேண்டும்.

“இல்ல,” என்றாள். “காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல.”

“வீட்டுக்கு...”

“வரமாட்டேன். ரொஸ்னா வீட்டுக்குப் போறேன்.”

‘எந்தப் போறேன்?’ என்று கேட்கத்தான் அவர் உதடு குவிந்தது. சிவநேசன் தூரத்திலிருந்தே அதைப் பார்த்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டான். ராமதாஸ் உதட்டைக் கடித்து அந்தக் கேள்வியை விழுங்கினார்.

“நானும் பஸ்ல வரட்டா? அங்க வரைக்கும்தான். வழியில பேசலாம். திருத்தமாட்டேன்.”

“ஏறு,” என்றாள் ஷர்மினி. “மத்தது அப்புறம்.”

பஸ் ஓட்டுநர் ஸுல்கிஃப்லி கையை நீட்டித் தடுத்தார். கிலாங் அட்டை இல்லாதவர்களுக்கு இடமில்லை. பின்னாலிருந்து ரொஸ்னா மெலூவாவில் நீளமாக ஏதோ சொன்னாள். ஸுல்கிஃப்லி பெருமூச்சு விட்டு, மெலூவாவிலேயே, இன்னும் நீளமாக ஒரு பதில் சொன்னார். படியில் நின்ற ராமதாஸ் உறைந்துபோனார்.

“இவருக்கும் தெரியுமா?”

“இவரு சம்சாரம் என் லைன்தான்,” என்றாள் ஷர்மினி. “பிள்ளைங்களுக்கும் தெரியும். கடைசிக் குட்டிக்குப் பேச்சு வந்ததே அதுலதான். வேற பாஷை பேசமாட்டேன்னு அடம் பிடிக்குது.”

ராமதாஸ் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “என்ன வால் போடுது?” என்றார் மிகவும் சன்னமான குரலில்.

“நீ கேள்விப்படாத வாலெல்லாம் போடுது.”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ரொஸ்னா தன் பொட்டலத்திலிருந்து ஒரு பீசாங் கோரேங்கை எடுத்து அந்த வாயில் திணித்து, அவரை உள்ளே தள்ளினாள்.

டோரதி கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சிவநேசன் காரை எடுக்க, பஸ்ஸைச் சுற்றிச் சாலையின் அந்தப் பக்கம் போனான். பஸ்ஸுக்குள் ராமதாஸ் வாழைப்பழப் பலகாரத்தோடு ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நீலச் சட்டைகள். அவர் ஏதோ ஒரு புது வாலைத் திரும்பச் சொல்ல, எல்லாரும் ஒரே குரலில் “தவறு!” என்று கூவினார்கள்.

ஷர்மினி அவருக்கு முதுகைக் காட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் வெறும் சாலை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வாயைப் பொத்தியபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் தன்னைப் பார்ப்பதற்குள் சிவநேசன் சட்டென்று குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். பஸ் நகரும் வரை நிமிரவில்லை.